அரிக்கும் கடி, அரிக்காத கடி

மாலை நேரம். வேலை முடிந்து திண்ணையில் உட்காருகிறோம். காலில் சுருக்கென்று ஒரு குத்தல். பட்டென்று அடிக்கிறோம். கொசு செத்துவிட்டது. ஆனால் கடித்த இடம் தடிக்கிறது. சிவக்கிறது. அரிக்கிறது.

ஏன் அரிக்கிறது?

கொசு ஏதோ விஷத்தை ஏற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தத் தடிப்பை உண்டாக்குவது நம்முடைய உடம்புதான். அரிப்பை உண்டாக்குவதும் நம் உடம்புதான். எதற்காக உடம்பு இப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் இன்னொரு கடியைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கடி அரிப்பதே இல்லை. ஆனால் கொசுக்கடியைப் போலவே ஆளைச் சாய்த்துவிடக் கூடியது.

எச்சில்தான் தொடக்கம்

கடிப்பது பெண் கொசு மட்டும். அது முட்டை இடுவதற்கு ரத்தத்தில் உள்ள சத்து வேண்டும். ஆண் கொசு பூந்தேனையும் செடிச் சாற்றையும் குடித்துப் பிழைக்கிறது.

பெண் கொசுவின் வாய் ஓர் ஊசி போலத் தெரியும். உண்மையில் அது ஆறு மெல்லிய ஊசிகள் சேர்ந்த கட்டு. சில ஊசிகள் தோலைத் துளைக்கும். ஒன்று ரத்தத்தை உறிஞ்சும். இன்னொன்று எச்சிலை உள்ளே விடும்.

எச்சில் எதற்கு? விரலில் அரிவாள் பட்டால் ரத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அது தானே உறைந்து நின்றுவிடுகிறது. கொசு குடிக்கும்போது ரத்தம் அப்படி உறைந்தால் என்ன ஆகும்? அதன் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்களைக் கொசு தன் எச்சிலில் வைத்திருக்கிறது. ரத்தக் குழாயை விரியச் செய்யும் பொருள்களும் அதில் உண்டு. ஒன்றிரண்டு நிமிடம் குடித்துவிட்டுக் கொசு பறந்துவிடும். எச்சில் நம் தோலுக்குள் தங்கிவிடும்.

தோலுக்கு அடியில் காவல்

நம் உடம்பு மிக மிகச் சிறிய அறைகளால் கட்டப்பட்டது. இந்த அறைக்குச் செல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் கோடி கோடியாகச் செல்கள் உள்ளன. அவற்றில் சில செல்களுக்குக் காவல் வேலை. வெளியில் இருந்து எது நுழைந்தாலும் கண்டுபிடிப்பதும், அதை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. இந்தக் காவல் முழுவதற்கும் சேர்த்து நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்கிறோம்.

தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அவை ஒரு பையில் மருந்துப் பொடியை நிரப்பி வைத்துக் காத்திருப்பவை போல. அந்தப் பொடிக்கு ஹிஸ்டமின் என்று பெயர். கொசுவின் எச்சில் பட்டதும் மாஸ்ட் செல் பையை அவிழ்த்துக் கொட்டுகிறது.

ஹிஸ்டமின் கொட்டியதும் அந்த இடத்தில் ரத்தக் குழாய் விரிகிறது. அதனால் தோல் சிவக்கிறது. குழாயில் இருந்து நீர் கசிகிறது. அதனால் தடிக்கிறது. விரிந்த குழாய் வழியாக வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வருகின்றன. ரத்தத்தில் இருக்கும் காவல்காரர்கள் இவர்கள். வந்த அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பது இவர்கள் வேலை.

ஹிஸ்டமின் நரம்பையும் தொடுகிறது. அப்போதுதான் அரிக்கிறது. அரிப்பு வந்தால் கை தானாக அங்கே போகும். கை போனால் கொசு ஓடும். அரிப்பு என்பது உடம்பு நமக்கு அடிக்கும் மணி.

ஆனால் சொறிந்துகொண்டே இருந்தால் வேறு தொல்லை வரும். நகத்தில் அழுக்கு இருக்கிறது. அழுக்கில் கிருமி இருக்கிறது. தோல் கிழிந்தால் கிருமி உள்ளே போய்ப் புண் சீழ் பிடிக்கும். கொசு கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். ஈரத் துணியை வைத்து எடுக்கலாம். அரிப்பு அடங்கும். குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டி விடுவது நல்லது. அவர்களிடம் சொறியாதே என்று சொல்லிப் பயனில்லை.

உடம்பு மறப்பதில்லை

இங்கே ஒரு வியப்பான செய்தி. ஒருவரை வாழ்நாளில் முதல்முதலாகக் கொசு கடிக்கும்போது தடிப்பே வருவதில்லை. அந்த எச்சில் உடம்புக்குப் புதிது. யார் வந்திருக்கிறார்கள் என்றே காவலுக்குத் தெரியாது. அப்போது உடம்பு அந்த எச்சிலின் அடையாளத்தைக் குறித்துக்கொள்கிறது. அதற்கென்றே ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வோர் அந்நியப் பொருளுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்.

அடுத்தடுத்து கடிக்கும்போது இந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்லின் மேல் உட்கார்ந்து காத்திருக்கும். எச்சில் பட்டதும் அடையாளம் கண்டு மணி அடிக்கும். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குத் தடிப்பு பெரிதாக வருகிறது. அவர்கள் உடம்பு இப்போதுதான் கற்றுக்கொள்கிறது. பல வருடம் கொசுக்கடியில் வாழ்ந்த பெரியவர்களுக்குத் தடிப்பு சிறிதாக இருக்கும். சிலருக்கு வருவதே இல்லை. உடம்பு அந்த எச்சிலுக்குப் பழகிவிட்டது. வயலில் வேலை செய்யும் தாத்தா, "என்னைக் கொசுவே கடிக்காது" என்பார். கடிக்கத்தான் செய்கிறது. அவருக்குத் தெரிவதில்லை.

தடிப்பின் அளவைப் பார்த்து அது நோய்க் கொசுவா, வெறும் கொசுவா என்று சொல்ல முடியாது. தடிப்பு எச்சிலுக்கு வருவது. நோய் வேறு. மலேரியாக் கிருமியோ டெங்கு வைரஸோ அந்த எச்சிலோடு ஒளிந்து வருகிறது. கடித்த இடத்தில் அதற்கு எந்த அடையாளமும் இருக்காது.

டெங்குவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வகை மறுபடி வராது. ஆனால் வேறு வகை வந்தால்? பழைய சாவி புதிய பூட்டில் பாதிதான் நுழையும். வைரஸை அழிக்காமல் அதன் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில நேரம் வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு அதுவே உதவியாகவும் ஆகிவிடும். டெங்கு இரண்டாம் முறை வரும்போது கடுமையாக இருக்கலாம் என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான். "எனக்கு ஒரு தடவை வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று இருக்கக் கூடாது.

சத்தம் இல்லாத கடி

இப்போது உண்ணியைப் பார்ப்போம். மாட்டின் காதிலும், மடியிலும், நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு இருக்குமே, அந்த உண்ணிதான். இது பூச்சி இனம் அல்ல. சிலந்தி இனம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். முட்டையில் இருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள்.

உண்ணிக்கு இறக்கை கிடையாது. பறக்காது. குதிக்காது. புல் நுனியிலும் சருகிலும் முன் கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மாடோ மனிதரோ உரசிக்கொண்டு போனால் தொற்றி ஏறும். பிறகு மெல்ல ஊர்ந்து மெதுவான தோலைத் தேடும்.

கொசு ஒன்றிரண்டு நிமிடம் குடிக்கிறது. உண்ணியோ பல நாள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு குடிக்கிறது. அதன் வாயில் பின்நோக்கிய முட்கள் உண்டு. தூண்டில் முள் போல உள்ளே போனது எளிதில் வெளியே வராது. பல வகை உண்ணிகள் பசை போன்ற ஒரு பொருளையும் சுரந்து தோலோடு ஒட்டிக்கொள்கின்றன.

பல நாள் உட்கார்ந்து குடிக்கிறதே, காவல் என்ன செய்கிறது? மணி ஏன் அடிக்கவில்லை?

திருடன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டு நாய்க்குச் சோறு போட்டுப் பழக்கிவிட்டுப் பிறகு திருட வருகிறான். உண்ணி அப்படிப்பட்ட திருடன். விஞ்ஞானிகள் பல வகை உண்ணிகளின் எச்சிலை ஆராய்ந்திருக்கிறார்கள். வலி தெரியாமல் செய்யும் பொருள் அதில் இருக்கிறது. மாஸ்ட் செல் கொட்டும் ஹிஸ்டமினைப் பிடித்து முடக்கும் பொருள் இருக்கிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால்தானே அரிக்கும்? தொட விடுவதில்லை. வெள்ளை அணுக்களை "இங்கே வா" என்று கூப்பிடும் செய்தியை வழியில் மறிக்கும் பொருளும் இருக்கிறது. காவல்காரர்கள் வெகு நேரம் வந்து சேருவதில்லை.

சிலருக்கு உண்ணிக் கடியும் அரிக்கும். பலமுறை கடி பட்டவர்களுக்கும், உண்ணி விழுந்த பிறகும் அரிப்பு வருவது உண்டு. ஆனால் பெரும்பாலும் கடிக்கும்போது தெரிவதே இல்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டால்தான் உண்டு.

காவல் அடங்கிய இடத்தில் வேறு திருடனும் சுலபமாக நுழையலாம். உண்ணியின் எச்சிலோடு வரும் கிருமிக்கு அதுதான் வசதி.

கியாசனூர்க் காடு

1957-ஆம் ஆண்டு. கர்நாடகத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா மாவட்டம். அங்கே சொரப தாலுகாவில் கியாசனூர் என்ற காடு. அந்தக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கருமுக மந்திகளும், செம்முகக் குரங்குகளும் செத்தன. அதே நாள்களில் காட்டை ஒட்டிய கிராமங்களில் மக்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. விறகு பொறுக்கப் போனவர்களும், மாடு மேய்க்கப் போனவர்களும் படுத்தார்கள். சிலர் இறந்தார்கள்.

பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். மஞ்சள் காய்ச்சலாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். தென் அமெரிக்காவில் அந்தக் காய்ச்சல் வந்தால் குரங்குகள் சாகும். அதைப் பரப்புவது கொசு. இந்தியாவுக்கு அது வந்ததே இல்லை. வந்துவிட்டால் நாடு முழுவதும் பரவுமே என்ற பயம். ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது கிடைத்தது புதிய வைரஸ். அதைப் பரப்பியது கொசு அல்ல, காட்டு உண்ணி. அந்த நோய்க்குக் கியாசனூர்க் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். ஊர் மக்கள் வைத்த பெயர் வேறு. மங்கன காயிலெ. மங்க என்றால் குரங்கு. காயிலெ என்றால் நோய். நம் பேச்சில் வரும் காயலா என்ற சொல்லைப் போலவே ஒலிக்கிறது. தமிழில் குரங்குக் காய்ச்சல் என்று சொல்லலாம்.

பெயர் குரங்கு மேல் விழுந்துவிட்டது. பாவம், குரங்கும் நம்மைப் போல நோயால் சாகும் பிராணிதான். நோயுள்ள உண்ணி குரங்கைக் கடிக்கிறது. குரங்கின் ரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. அந்த ரத்தத்தைக் குடிக்கும் மற்ற உண்ணிகளுக்கும் வைரஸ் தொற்றுகிறது. குரங்கு செத்ததும் உண்ணிகள் எல்லாம் அதன் உடம்பை விட்டு இறங்குகின்றன. செத்த குரங்கு கிடக்கும் இடத்தைச் சுற்றி நோயுள்ள உண்ணிகள் நிறைந்திருக்கும். அந்தப் பக்கம் போகக் கூடாது. குரங்கைத் தொடவும் கூடாது. சுகாதார நிலையத்துக்கோ வனத் துறைக்கோ உடனே சொல்ல வேண்டும்.

மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் ரத்தத்தைக் குடித்துக் கொழுக்கின்றன. கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடுகின்றன. மனிதரை அதிகம் கடிப்பது இளம் உண்ணி. அது கசகசா அளவுதான் இருக்கும். டிசம்பர் முதல் மே வரை காட்டில் இளம் உண்ணிகள் அதிகம். நோயும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

நீண்ட காலம் இந்த நோய் ஷிமோகாவிலும் பக்கத்து மாவட்டங்களிலும் மட்டும் இருந்தது. 2012-இல் பந்திப்பூர்க் காட்டுக் குரங்குகளிலும், நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் கேரளத்தில் வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் மாவட்டம் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் மனிதர்களுக்கு நோய் வந்தது. 2018 டிசம்பரில் தொடங்கி 2019-இல் ஷிமோகா மாவட்டம் சாகர் தாலுகாவில் அரலகோடு என்ற ஊர்ப் பக்கம் பலர் நோயில் விழுந்தார்கள். உயிர்களும் போயின.

காய்ச்சலில் உடம்பு என்ன செய்கிறது

நோயுள்ள உண்ணி கடித்து 3 முதல் 8 நாள் வரை ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே போர் தொடங்கிவிட்டது. வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து பெருகுகிறது. தாக்கப்பட்ட செல் பக்கத்துச் செல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. "கதவை அடைத்துக்கொள்ளுங்கள்" என்பது போன்ற செய்தி. காவல் செல்கள் சில, வைரஸை விழுங்கி அருகில் உள்ள நெறிகளுக்குக் கொண்டு போகின்றன.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அது காவல் செல்கள் கூடும் முகாம். யார் வந்திருக்கிறார்கள், எந்த எதிர்ப்பொருளைத் தயாரிப்பது என்று அங்கேதான் முடிவாகிறது. வேலை மும்முரமாக நடக்கும்போது நெறி வீங்கி வலிக்கிறது.

பிறகு திடீரென்று காய்ச்சல். தலைவலி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி. கண் சிவக்கும். வாந்தி வரும். சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். காய்ச்சல் என்பது உடம்பு தானே மூட்டும் தீ. சூடு ஏறினால் காவல் செல்கள் வேகமாக வேலை செய்யும். ஆனால் தீ அளவுக்கு மேல் போனால் வீட்டையும் எரிக்குமே.

எதிர்ப்பொருள் போதுமான அளவு தயாராக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை உடம்பு தாக்குப் பிடிக்க வேண்டும். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். ரத்தக் கசிவைக் கவனிக்கிறார்கள். காய்ச்சலைக் குறைக்கிறார்கள். அதாவது உடம்பு தன் ஆயுதத்தைச் செய்து முடிக்கும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நோய் வந்த 100 பேரில் 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். சிலருக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரும். அப்போது தலைவலி, கை நடுக்கம், மயக்கம் சேர்ந்து வரும். அதனால் காய்ச்சல் விட்டதும் விறகுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

உடம்பு வலி மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கவும் கூடாது. சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். டெங்குவுக்கும் இதே எச்சரிக்கைதான். காட்டுக்குப் போய் வந்த விவரத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதுவார். முதல் சில நாளில் ரத்தத்தில் வைரஸையே தேடுவார்கள். நாள் கடந்துவிட்டால் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். சாவியைப் பார்த்துப் பூட்டைக் கண்டுபிடிப்பது போல.

இந்த நோய் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டலாம்.

கண்தான் காவல்

ஷிமோகாப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். டெபா என்ற எண்ணெயைக் கொடுக்கிறார்கள். அதைக் கை, கால், கழுத்தில் பூசிக்கொண்டால் உண்ணி ஏறாது. அங்கே பாட்டியை அஜ்ஜி என்று கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் பேச்சு இப்படிப் போகலாம்.

"அஜ்ஜி, போன வாரம் கொடுத்த எண்ணெய் அப்படியே இருக்கே. பூசலையா?"

"எதுக்கும்மா அது? நாத்தம் அடிக்குது. உண்ணி என்னை ஒண்ணும் செய்யாது. கடிச்சா அரிக்காதா? எனக்கு அரிக்கவே இல்லையே."

"அரிக்காததுதான் அஜ்ஜி பயம். கொசு கடிச்சா உடம்பே சொல்லிடும். உண்ணி கடிச்சா உடம்பு சொல்லாது. நாமதான் பார்க்கணும். நேத்து எங்கே போனீங்க?"

"தோட்டத்துக்குச் சருகு அள்ளப் போனேன்."

"கொஞ்சம் திரும்புங்க, பார்க்கிறேன். இதோ, காது பின்னால ஒண்ணு. இடுப்புல புடவை கட்டின இடத்துல இன்னொண்ணு."

"அட! நான் மச்சம்னு நினைச்சேன்."

"கையால நசுக்காதீங்க அஜ்ஜி. சுண்ணாம்பும் வேண்டாம். நான் எடுத்துவிடுறேன்."

உண்ணியைக் கண்டதும் நம் ஊர்களில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். சுண்ணாம்பு தடவுவார்கள். பீடி நெருப்பால் சுடுவார்கள். இது எல்லாமே தவறு. தோல் வெந்துபோகும். உண்ணியும் கலங்கி இன்னும் எச்சிலை உள்ளே விடலாம். எச்சிலில்தானே கிருமி இருக்கிறது. நுனி மெல்லிய இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் நல்லது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. பின்னால் காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு அந்தத் தேதி உதவும்.

உடம்பில் எங்கே தேடுவது? காதின் பின்புறம், தலைமுடி, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், புடவை அல்லது லுங்கி இறுக்கும் இடுப்பு. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குப் பார்த்துவிட வேண்டும்.

மாடு சொல்லும் பாடம்

மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி உண்டு. நாட்டு மாட்டின் மேல் உண்ணி குறைவாக இருக்கும். ஜெர்சி போன்ற சீமை மாட்டின் மேலும், கலப்பின மாட்டின் மேலும் அதிகமாக ஒட்டியிருக்கும். நாட்டு மாடு எத்தனையோ தலைமுறையாக உண்ணியோடு வாழ்ந்தது. அதன் உடம்பு உண்ணியின் எச்சிலை அடையாளம் கண்டு எதிர்க்கிறது. தோல் தடிக்கிறது. மாடு நக்கியும் உரசியும் உண்ணியைத் தள்ளிவிடுகிறது.

1939-இல் அமெரிக்காவில் வில்லியம் டிரேகர் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். கினி எலி என்ற சிறு பிராணியின் மேல் உண்ணிக் குஞ்சுகளை விட்டார். முதல் முறை அவை வயிறு நிறையக் குடித்தன. சில நாள் கழித்து அதே பிராணி மேல் மறுபடி விட்டார். இந்த முறை பெரும்பாலானவற்றால் குடிக்க முடியவில்லை. உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. எல்லாப் பிராணியின் உடம்பும் இப்படிக் கற்றுக்கொள்வதில்லை.

இதை வைத்துப் புதுவகைத் தடுப்பூசி செய்யலாமே என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். 2021-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் கினி எலிகளுக்கு அப்படி ஓர் ஊசி போட்டார்கள். அந்த ஊசி நோய்க் கிருமியை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. உண்ணியின் எச்சிலை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு உண்ணி கடித்ததும் தோல் சிவந்தது. உண்ணிகள் சீக்கிரமே விழுந்துவிட்டன. அதாவது அரிக்காத கடியைத் தெரியும் கடியாக மாற்றப் பார்க்கிறார்கள். மனிதருக்குப் போடும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

குரங்குக் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி இருந்தது. கொல்லப்பட்ட வைரஸில் இருந்து செய்தது. 1990-களில் இருந்து கர்நாடகத்தில் போட்டார்கள். இரண்டு ஊசி போட வேண்டும். பிறகும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். உடம்பு அந்த வைரஸை வெகு நாள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்கும் நோய் வந்தது. வலிக்கிறது என்று அடுத்த ஊசிக்கு வராதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் ஊசிக்கு வர வேண்டும். 2022-இல் அந்தத் தடுப்பூசியை நிறுத்திவிட்டார்கள். புதிய தடுப்பூசி செய்யும் வேலை இந்தியாவில் நடக்கிறது.

அது கைக்கு வரும்வரை காட்டோரத்து மக்களிடம் இருப்பவை எண்ணெய்ப் புட்டி, நீளக் கை வைத்த சட்டை, ஓர் இடுக்கி. காட்டில் இருந்து திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளின் தலைமுடியைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.